இரண்டு ஏழாம் நம்பர்

பெர்னடீன் ஹூடாக் தன் ஆயுளில் ஒரு தோட்டாகூடச் சுட்டதில்லை. ஆனால் அவள் வீட்டு நிலவறையில், பூட்டுப் போட்ட இரும்பு அலமாரிக்குள், ஒரு போலீஸ் ஸ்டேஷனையே நடத்துகிற அளவுக்கு ரிவால்வர்கள் இருந்தன. வெடிச் சத்தம் அவளுக்கு ஆகாது. ஜூலை நாலாம் தேதி, சுதந்திர தினத்தன்று, ஊரே வாணவேடிக்கை பார்க்கத் திடலுக்குப் போனால், இவள் மட்டும் ரேடியோவைச் சத்தமாக வைத்துக்கொண்டு நிலவறையில் உட்கார்ந்து ரிவால்வர்களுக்கு எண்ணெய் துடைத்துக்கொண்டிருப்பாள்.

இந்தப் பித்துக்குக் காரணம் புருஷன் எமில். மான் வேட்டைக்கு ஒரு ரைபிள் வாங்கவேண்டும் என்று அவளையும் துப்பாக்கிச் சந்தைக்குக் கூட்டிப்போனான். ஸ்லேட்டர்ஸ் ரன் என்கிற அந்தச் சின்ன ஊரில் அது பெரிய சங்கதியில்லை. தீயணைப்புப் படைக் கூடத்தில் இந்த வாரம் கல்யாண விருந்து, அடுத்த வாரம் பிங்கோ, அதற்கடுத்த வாரம் துப்பாக்கிச் சந்தை. எமில் ஒவ்வொரு ரைபிளாகத் தோளில் வைத்துக் குறி பார்த்துக்கொண்டிருக்க, கால் கடுத்துப்போன பெர்னடீன் ஒரு மேசையோரம் சாய்ந்து நின்றாள். கை சும்மா இருக்குமா? எதிரே கிடந்த பழைய ரிவால்வரை எடுத்துப் பார்த்தாள்.

குழல் முனையில் கருநீல மெருகு போய் வெள்ளையாக இரும்பு தெரிந்தது. கைப்பிடிக் கட்டையில் ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் அவள் வருஷக்கணக்காகப் பிடித்த சூப்புக் கரண்டியின் காம்பும் இப்படித்தான் தேய்ந்து கிடக்கும். யாரோ ஒருவன் இதை நாள் தவறாமல் உறையில் செருகி, உருவி, மறுபடி செருகியிருக்கிறான்.

"இது யாரோடது?" என்று கேட்டாள்.

"எவனோ ஒரு போலீஸ்காரனோடது. யாரா இருந்தா என்னம்மா?" என்றான் கடைக்காரன்.

அந்த 'யாரா இருந்தா என்ன' அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. ஒரு மனுஷன் இடுப்பில் பாதி ஆயுசு கிடந்த சாமானுக்கு ஒரு பெயர்கூடக் கிடையாதா? அன்றைக்கு அந்த ரிவால்வர்தான் வீட்டுக்கு வந்தது. எமில் தன் ரைபிளுக்கு அடுத்த வருஷம் வரை காத்திருந்தான். கோபப்படவில்லை. கோபப்படுகிற ஜாதியே இல்லை அவன். "பொம்பளைங்க தட்டு சேப்பாங்க, பீங்கான் பொம்மை சேப்பாங்க. நீ இதைச் சேக்குறே. தூசி தட்டுறது ஒண்ணுதானே" என்றான்.

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க ஆளில்லை. அடிக்கட்டையில் பொறித்த எண்ணையும் அதற்கு முன்னால் இருக்கும் எழுத்தையும் வைத்து, அது எந்த வருஷத்துச் சரக்கு என்று சொல்லப் படித்துக்கொண்டாள். பக்கத் தகட்டில் எத்தனை ஸ்க்ரூ என்று எண்ணுவாள். மேலே ஒரு ஸ்க்ரூ இருந்தால் பழசு, இல்லாவிட்டால் அதற்குப் பிந்தியது. யாராவது பழைய துப்பாக்கிக்குப் புது மெருகு ஏற்றி விற்க வந்தால், எழுத்துகள் மழுங்கியிருப்பதையும் ஸ்க்ரூ குழிகள் தூக்கம் கெட்டவன் கண் மாதிரி உள்வாங்கியிருப்பதையும் பார்த்து உதட்டைப் பிதுக்குவாள். "பாட்டிக்குப் பவுடர் போட்டா கல்யாணப் பொண்ணு ஆயிடுவாளா?" என்பாள். பளபளப்புக்கு விலை பாதி, தேய்மானத்துக்கு விலை முழுசு என்பது சந்தையில் புதிதாக வருகிறவர்களுக்குப் புரிவதற்குள் பர்ஸ் காலியாகிவிடும்.

இன்னொரு சொல்லும் அவளுக்கு வேதவாக்கு. துப்பாக்கியை வாங்கு, கதையை வாங்காதே. சந்தையில் விற்கிற ஒவ்வொரு துருப்பிடித்த ரிவால்வருக்குப் பின்னாலும் ஒரு வங்கிக் கொள்ளைக் கதை இருக்கும்.

பிறகு ஊர்ப் போலீசைக் கலைத்தார்கள். பக்கத்து ஊர்களோடு சேர்த்து ஒரே படையாக்கிவிட்டு, பழைய ரிவால்வர்களையெல்லாம் ஒரு வியாபாரிக்கு மொத்தமாகத் தள்ளிவிட்டார்கள். கைப்பிடிக்குப் பின்புறம் ஊர்ப் போலீசின் பெயரெழுத்துகளும் கீழே ஒரு நம்பரும் பொறித்த ரிவால்வர்கள் அவை. ஐம்பதுகளின் நடுவில் ஊர்க் கவுன்சில் ஒரே தடவையாக வாங்கியவை. பெர்னடீன் அவற்றைத் தேடி ஒவ்வொன்றாகப் பிடித்தாள். ஒன்று பிட்ஸ்பர்க்கில் கிடைத்தது, ஒன்று ஓஹியோக்காரன் ஒருவனிடம் இருந்தது, ஒன்று அவள் தெருமுனை முடிதிருத்தும் கடையிலேயே இருந்தது.

எல்லாவற்றிலும் அவளுக்கு உயிர் ஏழாம் நம்பர்தான். அதைச் சுமந்த போலீஸ்காரர் ஆண்டன் மடுஷ்கோ இன்னும் உயிரோடு இருந்தார். அது கிடைத்த மறுநாளே எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள். கிழவர் வாங்கி உள்ளங்கையில் வைத்தார், முகம் மலர்ந்தது. "என்னோடதுதாம்மா. என் இடுப்போட பாதி இதுதான்" என்றார். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? பெர்னடீன் அழகான கையெழுத்தில் ஒரு அட்டை எழுதி அதனடியில் வைத்தாள். எந்தச் சந்தையில் மேசை போட்டாலும் ஏழாம் நம்பர் நட்டநடுவில், பச்சை வெல்வெட்டில், ராஜா மாதிரி படுத்திருக்கும்.

ஒரே ஒரு உறுத்தல் இருந்தது. மற்றதற்கெல்லாம் மேல் ஸ்க்ரூ இருந்தது. ஏழுக்கு இல்லை. அடிக்கட்டை எண்ணும் மற்றவற்றோடு சேராமல் தள்ளி நின்றது. வேறு எவனாவது இப்படி ஒன்றைக் கொண்டுவந்திருந்தால் அவள் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து மேய்ந்திருப்பாள். தன்னுடையது என்பதால், 'பழசு ஒடஞ்சிருக்கும், பின்னாடி ஒண்ணு மாத்திக் குடுத்திருப்பாங்க' என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆசை வைத்த இடத்தில் கண் மங்கத்தானே செய்யும்.

சந்தையில் அவளுக்கு ஒரு போட்டியாளர் உண்டு. லெஸ்டர் க்ரூபா. இன்சூரன்ஸ் கம்பெனியில் நஷ்டக் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி போனபிறகு பொழுது போகாமல் இந்தப் பக்கம் வந்தார். கழுத்தில் பட்டாம்பூச்சி மாதிரி வில் டை கட்டாமல் வெளியே வரமாட்டார். எடுத்த எடுப்பில் பளபளப்பான ரிவால்வர் ஒன்றை வாங்கி பெர்னடீனிடம் காட்டி, பவுடர் போட்ட பாட்டி என்று பெயர் வாங்கிக்கொண்டவர். அன்றிலிருந்து இவர் அவளைப் புரொபசரம்மா என்பார், அவள் இவரை இன்சூரன்ஸ் என்பாள். மேசைகளைப் பக்கத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு நாள் முழுக்கச் சண்டை போடாவிட்டால் இரண்டு பேருக்குமே சாப்பாடு இறங்காது.

மார்ச் மாதத்துச் சந்தை. வெளியே பனி உருகி நசநசவென்று கிடந்தது. கூடத்தின் பின்பக்கம் மாதா கோயில் பெண்கள் பியரோகிக் கொழுக்கட்டையை வெங்காயமும் வெண்ணெயும் போட்டு வதக்கும் வாசனை. லெஸ்டர் ஒரு மெத்தென்ற பையை மார்போடு அணைத்துக்கொண்டு நேராக பெர்னடீனின் மேசைக்கு வந்தார். முகத்தில் சிரிப்பு வழிந்தது.

"புரொபசரம்மா, கொஞ்சம் உக்காந்துக்குங்க. மயக்கம் வந்து விழுந்தா நான் தூக்க முடியாது."

"யாருக்குப் பவுடர் போட்டுக் கூட்டிட்டு வந்திருக்கீங்க, இன்சூரன்ஸ்?"

லெஸ்டர் பையைத் திறந்தார். ஊர்ப் போலீசின் ரிவால்வர். பின்புறம் பெயரெழுத்துகள். கீழே நம்பர். ஏழு.

பெர்னடீன் வாங்கிப் பார்த்தாள். கண் தானாகப் பக்கத் தகட்டின் மேல் மூலைக்குப் போனது. ஸ்க்ரூ இருந்தது. திருப்பினாள். அடிக்கட்டை எண் ஆறாம் நம்பருக்கும் எட்டாம் நம்பருக்கும் பக்கத்து வீட்டுக்காரன் மாதிரி ஒட்டி நின்றது. ஏழின் கால்கூட மற்ற நம்பர்களின் எழுத்து அச்சிலேயே இருந்தது. வெல்வெட்டில் படுத்திருந்த அவளுடைய ஏழின் கால் மட்டும் கொஞ்சம் வளைந்திருக்கும்.

"எங்க கிடைச்சுது?"

"ஆல்டூனாக்காரர் ஒருத்தர்கிட்ட. நம்ம பாதிரியார் வீட்ல வேலை பாத்த கமீலாம்மா செத்துப்போனாங்கல்ல? அவங்க வீட்டுச் சாமானை மொத்தமா எடுத்திருக்கார். பரண்ல ஒரு தொப்பிப் பெட்டி. உள்ள மெல்லிசு காயிதத்துல சுத்தி இது இருந்துச்சாம்."

இதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். ஒருவன் வெல்வெட்டையும் பையையும் மாற்றி மாற்றிப் பார்த்து, "அப்போ ரெண்டு ஏழா? இதுல எதும்மா டூப்பு?" என்று கேட்டான்.

எல்லோரும் பெர்னடீன் முகத்தைப் பார்த்தார்கள். அவள் வாய் அவளைக் கேட்காமல் திறந்துகொண்டது.

"பாதிரியார் வீட்டுப் பொம்பளைக்குத் தொப்பிப் பெட்டில போலீஸ் துப்பாக்கியாம்! கதைக்குன்னே தனியா காசு குடுத்தீங்களா, இன்சூரன்ஸ்? நம்பரை எவனோ பின்னாடி பொறிச்சிருக்கான். டூப்பு."

கூட்டம் சிரித்தது. லெஸ்டரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. வில் டைக்கு மேலே கழுத்து சிவந்தது. ரிவால்வரைத் துணியில் சுற்றினார். பைக்குள் வைத்தார். "நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் மெதுவாக. "திங்கக்கிழமை கொண்டுபோய்த் திருப்பிக் குடுத்துடறேன்." சந்தை முடியும் முன்பே மேசையைக் காலிசெய்துவிட்டுப் போய்விட்டார். திருப்பி ஒரு சண்டைகூடப் போடவில்லை. அதுதான் பெர்னடீனை வாட்டியது.

வீட்டுக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் நிலவறைக்கு இறங்கினாள். ஊர் ரிவால்வர்களையெல்லாம் வரிசையாகப் பரப்பினாள். ஸ்க்ரூ, ஸ்க்ரூ, ஸ்க்ரூ, மொட்டை. அவ்வளவு காலமாகப் பார்க்க மறுத்தது பளிச்சென்று பல்லை இளித்தது.

எமில் கீழே வந்து படியில் உட்கார்ந்தான். கையில் தட்டு. கூடத்திலிருந்து கட்டிக்கொண்டு வந்த பியரோகி.

"சாப்பிடலையா பெர்னி?"

"எமில், லெஸ்டர் வாங்கினது அசல்."

"அப்ப நல்லதுதானே."

"நல்லதா? நான் டூப்புன்னு ஊர் முன்னால சொல்லிட்டேன். தெரிஞ்சே சொன்னேன். என்னோடதுதான் டூப்பு."

எமில் ஒரு பியரோகியை மென்று முடிக்கும் வரை யோசித்தான். "டூப்புன்னா, அது சுடாதா?"

"சுடும்."

"ஆண்டன் தன்னோடதுன்னு சொன்னாரே, பொய்யா?"

அங்கேதான் அவளும் முட்டிக்கொண்டு நின்றாள். ஆண்டன் பொய் சொல்கிற ஆளில்லை. அவர் கை அந்தக் கட்டையைப் பிடித்த பிடியை அவளே பார்த்தாள். அப்படியானால் ஒரு ஆளுக்கு எப்படி இரண்டு ஏழு?

மேலே போய் லெஸ்டருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பார் என்ற நம்பிக்கை போனபிறகுதான் எடுத்தார்.

"லெஸ்டர், நான் பெர்னடீன்." இன்சூரன்ஸ் என்று சொல்ல நாக்கு வரவில்லை. "அதைத் திருப்பிக் குடுத்துடாதீங்க. நான் சொன்னது தப்பு. தப்புன்னு தெரிஞ்சுக்கிட்டேதான் சொன்னேன்."

மறுமுனையில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "ஸ்க்ரூவைப் பாத்துட்டு உங்க மூஞ்சி போன போக்கை நானும் பாத்தேன்" என்றார் லெஸ்டர். "நஷ்டக் கணக்கு எழுதுன ஆளுங்க நான். எரிஞ்ச வீட்டுக்காரங்க மூஞ்சி எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் அங்கேயே சொல்லலை?"

"எல்லாரும் பாத்துட்டிருந்தாங்களே."

பெர்னடீனுக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கு பூசை முடிஞ்சதும் உங்க ஏழாம் நம்பரை எடுத்துக்கிட்டு வாங்க. ஆண்டன் வீட்டுக்குப் போலாம்" என்றாள்.

ஆண்டன் வீட்டில் கதவைத் திறந்தது அவர் மனைவி தீடா. குட்டையான உருவம், கணீரென்ற குரல். வந்தவர்களுக்கு வால்நட் பூரணம் வைத்துச் சுருட்டிய ரொட்டியை நறுக்கிப் போட்டு, காப்பியை ஊற்றிக்கொண்டே, "என்ன ரெண்டு பேரும் கைதாக வந்த மாதிரி நிக்கிறீங்க? உக்காருங்க" என்றாள். ஆண்டன் ஜன்னலோர நாற்காலியில் இருந்தார். காது கொஞ்சம் மந்தம். கண் மட்டும் இன்னும் போலீஸ் கண்.

பெர்னடீன் இரண்டு ரிவால்வர்களையும் உருளைகளைத் திறந்து காலி என்று காட்டிவிட்டு மேசைமேல் வைத்தாள். இரண்டு ஏழும் மேலே பார்த்துக் கிடந்தன. லெஸ்டர் தன்னுடையது கிடைத்த இடத்தைச் சொன்னார். கமீலாம்மா, பரண், தொப்பிப் பெட்டி.

தொப்பிப் பெட்டி என்ற சொல் வாயிலிருந்து விழுந்ததுதான் தாமதம், தீடா கெட்டிலை அடுப்பில் டங்கென்று வைத்தாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்த்தவர்களுக்குப் புரியவில்லை. பிறகு வெடித்துக்கொண்டு வந்தது சிரிப்பு.

"கமீலாவா! அடிப்பாவி மகளே! இவ்வளவு வருஷமா நாங்க கோயில்ல மணியடிக்கிற அந்தச் சூசையைச் சந்தேகப்பட்டுட்டிருந்தோமே!"

"தீடா, வேண்டாம்" என்றார் ஆண்டன். காது திடீரென்று நன்றாகக் கேட்டது அவருக்கு.

"என்ன வேண்டாம்? உங்க சீஃப் செத்தாச்சு, ஸ்டேஷனைக் கலைச்சாச்சு. இனிமே யாரு உங்களை வேலையை விட்டுத் தூக்கப்போறாங்க? நானே சொல்றேன், கேளுங்க."

கேட்டார்கள். கல்யாணமான புதுசில், கோயில் கிறிஸ்துமஸ் விழாவுக்கு ஆண்டன்தான் தாத்தா வேஷம். டியூட்டி முடிந்து நேராக வந்து வேஷம் கட்டினார். பஞ்சும் தலையணையும் கட்டிய வயிற்றுக்குக் கீழே துப்பாக்கி உறை துருத்திக்கொண்டு நின்றது. குழந்தைகள் மடியில் ஏறி உட்காரவேண்டுமே! தோட்டாக்களைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ரிவால்வரைப் பொம்மை மூட்டையின் அடியில் செருகி வைத்தார். விழா முடிந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று.

"விழா முடிஞ்சுதும் இவரு என்ன பண்ணினாரு தெரியுமா? எல்லாரும் ஒரு வாய் ஒரு வாய்னு ஊத்திக் குடுத்ததைக் குடிச்சிட்டு, பாட்டுப் பாடிக்கிட்டு வீட்டுக்கு வந்துட்டாரு. மறுநாள் மூட்டையைத் தேடிப்போனா, மீந்த பொம்மையெல்லாம் ஏழைப் பிள்ளைங்களுக்குன்னு பங்கு போட்டு அனுப்பியாச்சு. பங்கு போட்டவ கமீலா!"

"யாரையும் கேக்கவே இல்லையா?" என்றார் லெஸ்டர்.

"எப்படிக் கேக்குறது? 'தாயே, உங்க பிள்ளைக்குக் குடுத்த பொம்மைல என் துப்பாக்கி இருந்துச்சா'ன்னா? இவரு ஒரு வாரம் ஒவ்வொரு வீடா 'கிறிஸ்துமஸ் வாழ்த்து, கிறிஸ்துமஸ் வாழ்த்து'ன்னு போய் நடுக்கூடத்துல பார்வையை ஓட்டிட்டு வந்தாரு. ஊர்ல எல்லாரும், ஆண்டன் எவ்வளவு பக்திமான்னு பேசினாங்க!"

ஆண்டன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். விரல்களுக்கு நடுவே சிரிப்பு தெரிந்தது.

கடைசியில் பிட்ஸ்பர்க்கில் ஒரு அடகுக் கடையில் அதே மாதிரி ஒன்று வாங்கினார்கள். தீடாவின் அண்ணன் எஃகு ஆலையில் அச்சு வெட்டுகிறவன். அவன் உட்கார்ந்து எழுத்துகளையும் ஏழாம் நம்பரையும் பொறித்துக் கொடுத்தான். "அவனுக்கு மட்டும் நூறு தடவை சொன்னேன், ஏழோட காலை நேரா போடுடான்னு. கேட்டாத்தானே!" என்றாள் தீடா. ஓய்வு பெறும் வரை ஆண்டன் அதைத்தான் சுமந்தார். ஒருவனும் கண்டுபிடிக்கவில்லை.

கமீலா ஏன் அதை ஒருவரிடமும் சொல்லாமல் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தாள் என்பது அவளோடு போய்விட்டது. போலீஸ்காரன் மானம் போகக்கூடாது என்றா, பாதிரியார் வீட்டில் ஒரு பயத்துக்கு இருக்கட்டும் என்றா? "அவ தனியா இருந்தவ. திருடன் வந்தா காட்டலாம்னு வச்சிருப்பா" என்று தீடாவே ஒரு தீர்ப்புச் சொல்லி முடித்தாள்.

லெஸ்டர் தன் ரிவால்வரை மெல்ல ஆண்டன் பக்கம் நகர்த்தினார். "தொட்டுப் பாருங்க. இதுதான் உங்களுக்கு முதல்ல குடுத்தது."

ஆண்டன் எடுத்தார். கல்யாண வீட்டில் தூரத்து உறவுக்காரனைப் பார்த்த மாதிரி மரியாதையாகப் பார்த்தார். "நல்லா இருக்கு. புதுசு மாதிரி இருக்கு" என்று கீழே வைத்துவிட்டார். பிறகு கை தானாகப் போய் வளைந்த கால் ஏழாம் நம்பரைப் பிடித்தது. கட்டைவிரல் தேய்ந்த இடத்தில் சரியாகப் போய் உட்கார்ந்தது. அதை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு காப்பியைக் குடித்தார். காப்பி ஆறும் வரை கீழே வைக்கவில்லை.

பெர்னடீன் அதைப் பார்த்தாள். அதற்கு மேல் அவளுக்கு டூப்பும் அசலும் பெரிதாகப் படவில்லை. லெஸ்டரும் பார்த்தார். ஆனால் அவர் மனக்கணக்கு வேறு. ஊர்க் கவுன்சில் கொடுத்த அசல் ஏழு, ஒரு வருஷத் தேய்மானத்தோடு, மெருகு கெடாமல் தன்னிடம் இருக்கிறது! காரில் திரும்பி வரும்போது அவர் பெர்னடீனுக்காகப் பரிதாபப்பட்டார், அவள் அவருக்காகப் பரிதாபப்பட்டாள். இரண்டு பேருமே வெளியே சொல்லவில்லை.

அடுத்த சந்தையில் பெர்னடீன் முதல் வேலையாக, அன்றைக்குச் சிரித்தவர்கள் எல்லாரும் இருக்கும்போதே மேசை முன்னால் வந்து நின்றாள். "போன தடவை டூப்புன்னு சொன்னேன். லெஸ்டரோடதுதான் அசல். தப்பு என்னோடது" என்றாள். சொன்னது நாலே வார்த்தை, அதற்குள் காது மடல் கொதித்தது. ஒருவன், "அப்ப உங்களோடது ஒண்ணுக்கும் ஆகாதா?" என்று சீண்டினான். லெஸ்டர் முந்திக்கொண்டார். "அதோட விலை உனக்குக் கட்டாது தம்பி, நகரு."

விலை என்று பார்த்தால் சிக்கல்தான். புத்தகப்படி லெஸ்டருடையது உசத்தி. ஆனால் கதை வெளியே பரவியதும் எரீ ஊர்ப் பக்கத்துச் சேகரிப்பாளர் ஒருவர் இரண்டையும் ஜோடியாகக் கேட்டு வந்தார். ஒன்றை மட்டும் வாங்கமாட்டாராம். அவர் சொன்ன தொகைக்கு லெஸ்டருக்கு ஒரு நிமிஷம் சபலம் தட்டியது. பெர்னடீன் வெல்வெட்டைத் தடவிக்கொண்டிருந்தாள். லெஸ்டர் அவள் முகத்தைப் பார்த்தார், வில் டையைச் சரிசெய்துகொண்டார், "மன்னிக்கணும். இவங்க பங்குல எனக்கு உரிமையில்லை, என் பங்கை நான் குடுக்கிறதா இல்லை" என்று அனுப்பிவிட்டார்.

இப்போது இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே நீள மேசை. பழைய அட்டையைக் கிழித்துவிட்டு பெர்னடீன் புதிதாக எழுதினாள். வார்த்தைகளை லெஸ்டர் திருத்தினார். அதில் ஒரு கமாவுக்காக இரண்டு வாரம் சண்டை. யாராவது ஒரு ரிவால்வரைக் கொண்டுவந்து, இது எந்தக் காலத்தது, என்ன போகும் என்று கேட்டால், பெர்னடீன் முன்போலச் சட்டென்று சொல்வதில்லை. தனக்குப் பிடித்துப்போனதாக இருந்தால் கட்டாயம் லெஸ்டரிடம் கொடுத்து, "எனக்கு இது மேல ஆசை வந்துடுச்சு, நீங்க பாருங்க" என்று நகர்ந்துவிடுவாள்.

மேசையின் ஓரத்தில் தீடாவுக்கு ஒரு நாற்காலி. கிறிஸ்துமஸ் மூட்டைக் கதையைக் கேட்பதற்கென்றே ஆட்கள் வருகிறார்கள். ஒவ்வொரு சந்தைக்கும் கதையில் ஒரு பிடி மசாலா கூடுகிறது. போன தடவை பிஷப்பே வந்து ஆண்டன் மடியில் உட்கார்ந்தார் என்கிற அளவுக்குப் போய்விட்டது. பக்கத்தில் ஆண்டன் மூடிய கண்ணைத் திறக்காமலே, "பிஷப் வரலை" என்கிறார். "உங்களுக்கு என்ன தெரியும்? நீங்கதான் குடிச்சிருந்தீங்களே" என்று அவரை அடக்கிவிட்டு, தீடா மேலே சொல்லிக்கொண்டு போகிறாள்.